மணியகாரர் வரும் வழி

காகித மில்லின் வாடை வருகிறது, அழுகிய முட்டை வாடை, அப்படியானால் காற்று தெற்கிலிருந்து வீசுகிறது, என் உடம்பு வாடை வடக்கே அறுத்துப்போட்ட சோளக்காட்டுப் பக்கம் போய்விடும், மான் வருவது தெற்கே சதுப்பிலிருந்து, ஆக எல்லாம் சரியாக இருக்கிறது. மில் வாடை மூக்குக்கு வந்தா நமக்கு நல்ல நேரம் அம்மணி என்பார் நல்லசிவம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வீட்டுக்காரர் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, இந்த ஓக் மரத்தில், மூன்று ஆள் உயரத்தில், ஏணியோடு சேர்த்துக் கட்டிய இரும்புப் பரணில் உட்கார்ந்து மனசுக்குள் சொன்னால் யாருக்குக் கேட்கப்போகிறது. நல்லசிவம். கரூர்ப் பக்கமிருந்து விஸ்கான்சினுக்கு வந்து, காகிதக் கூழ் காய்ச்சும் மில்லில் சேர்ந்து, அந்த வாடையைச் சட்டையிலும் தலையணையிலும் கொண்டுவந்தவர். முதல் வருடமெல்லாம் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்தேன். இப்போது அவர் மில்லுக்குப் போவதில்லை. தலையணையில் சோப்பு வாடை மட்டும் இருக்கிறது. நேற்று அதை முகர்ந்து பார்த்துவிட்டு, என்ன தேடுகிறோம் என்று எனக்கே புரியாமல் உறையை உருவித் துவைக்கப் போட்டேன்.

விரல் நுனி மரத்துப் போகிறது. கையுறைக்குள் சுடு பை ஒன்று வைத்திருக்கிறேன், அதற்கும் சூடு போய்விட்டது. நவம்பரில் இப்படித்தான், இலை மேலெல்லாம் உறைபனி, காலை வெளிச்சம் வந்து தொட்டதும் காடு முழுக்கச் சொட்டச் சொட்ட ஆரம்பிக்கும், அந்தச் சத்தத்தில் ஒவ்வொரு சொட்டும் குளம்பு வைக்கிற சத்தமாகக் கேட்கும். அதோ. இல்லை, அணில். ஒரு அணில் காய்ந்த இலையில் ஓடினால் ஒரு யானை வருகிற மாதிரி இருக்கிறது. மடியில் குறுக்குவில் கனக்கிறது. துப்பாக்கி மாதிரித் தோளில் அணைத்து, மேலே இருக்கிற கண்ணாடியில் பார்த்து, விசையை இழுத்தால் போதும், அம்பு போய்விடும். இரண்டு பேரும் சேர்ந்துதான் வேட்டை வகுப்புக்குப் போனோம், இரண்டு பேருக்கும் சான்றிதழ் கிடைத்தது, ஒரே ஒரு நாள் அவரோடு உட்கார்ந்துவிட்டு இந்தக் குளிர் எனக்கு ஆகாதுங்க, நீங்களே போங்க என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம். வற்புறுத்தாமல் விட்டதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்ததோ என்று அன்றைக்குத் தோன்றியது, இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்கும்போதும் அதே இடத்தில் வந்து மனசு இடறுகிறது.

போன பிப்ரவரியில் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவர், தள்ளுகிற பலகையின் காம்பைப் பிடித்தபடியே சாய்ந்தார். நான் சன்னலிலிருந்து பார்த்தேன். களைப்பாறுகிறார் என்று நினைத்தேன். இடது பக்க மூளையில் ரத்தக்கட்டு. வலது கையும் காலும் பாதி திரும்பிவிட்டன, பேச்சு திரும்பவில்லை, ஒரே ஒரு சொல்லைத் தவிர. அப்புறம். பசித்தாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம், மகள் போனில் அழுதபோதும் அப்புறம். உள்ளே எல்லாம் இருக்கிறது, வாசலில் அந்த ஒரு சொல் குறுக்கே நிற்கிறது என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் சொன்னாள். முதல் மாதம் ஒவ்வொரு அப்புறத்துக்கும் ஒரு அர்த்தம் தேடினேன், தொனியில் தேடினேன், புருவத்தில் தேடினேன். பிறகு தேடுவதை விட்டுவிட்டு நானே முடிவு பண்ண ஆரம்பித்தேன். கையை நீட்டச் சொன்னால் நீட்டுகிறார். வாயைத் திறக்கச் சொன்னால் திறக்கிறார். ரசத்தில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டை நகர்த்தி வைக்கிற மனுசன், உப்பே இல்லாத கஞ்சியைக் கொடுத்தாலும் பேசாமல் குடிக்கிறார், குடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார், சரியாகக் குடித்தோமா என்று கேட்கிற மாதிரி. அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செத்துப்போவாரோ என்கிற பயம் மார்ச் மாதத்தோடு போய்விட்டது. அதற்குப் பதில் வேறொரு பயம் வந்து உட்கார்ந்திருக்கிறது. இப்படியே இருப்பார், வருடக்கணக்கில், சொன்னபடி கேட்டுக்கொண்டு, நான் அவருக்கு அம்மாவாகவே கிழவியாகிவிடுவேன் என்று.

விடிவதற்கு முன் டேல் வீட்டில் அவரை விட்டுவிட்டு வந்தேன். இந்தக் காடும் சோளக்காடும் டேலுடையவை, மாட்டுப்பண்ணைக்காரர், மில்லுக்கு மரம் கொண்டுவந்து போட்ட பழக்கத்தில் இவருக்குச் சிநேகிதமானவர். நல்லா என்றுதான் அவரைக் கூப்பிடுவார், அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன அர்த்தம் என்று தெரிந்ததிலிருந்து இன்னும் சத்தமாகக் கூப்பிடுவார். டேலின் மனைவி ரூத், சமையலறைச் சன்னலோரம் நாற்காலி போட்டு, இவர் முழங்காலில் போர்வையைப் போர்த்தினாள். நான் குறுக்குவில்லைத் தோளில் மாட்டினேன். அப்போதுதான் இவர் என் கோட்டுக் கையைப் பிடித்தார், இடது கையால், அந்தக் கையில் இவ்வளவு பலம் இருக்கிறதா என்று இருந்தது. அப்புறம், என்றார். அப்புறம், அப்புறம். சரிங்க, பத்திரமாப் போயிட்டு வர்றேனுங்க என்றேன். விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன், குழந்தையின் கையிலிருந்து ஏதோ பண்டத்தைப் பிடுங்குகிற மாதிரி. பத்திரமாகப் போ என்றுதானே சொன்னார். இல்லை, அவரைக் கொண்டு வா என்றாரா. இல்லை, என்னையும் கூட்டிப்போ என்றாரா. விரல் தழும்பு மாதிரி அந்த இடம் இன்னும் கோட்டுக்குள் தெரிகிறது.

அவர் என்பது மணியகாரர். மணியகாரர் என்பது மான். ஊரில் நிலவரி வசூலுக்கு வருகிற மணியகாரர் எப்படி ஒவ்வொரு வரப்பாக நின்று, மீசையைத் தடவி, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் எல்லாரையும் பார்த்துக்கொண்டு நடப்பாரோ அப்படி நடக்கிறதாம் இந்தக் கிடா, அதனால் இவர் வைத்த பேர். வெள்ளைவால் மானில் இத்தனை வயது வரை பிழைப்பது அபூர்வம் என்பார் டேல், ஒன்று துப்பாக்கியில் போகும், இல்லை ரோட்டில் கார் அடித்துப் போகும், இல்லை பனியில் போகும். வருடம் முழுக்க ராத்திரியில் மட்டும் நடமாடுகிற ஜந்து, இந்த இணைசேரும் பருவத்தில்தான் புத்தி கெட்டு, தீனி மறந்து, பகல் வெளிச்சத்தில் பெட்டை பின்னால் சுற்றும். நாலு நவம்பராக மணியகாரர் கதைதான் எங்கள் வீட்டில். இருட்டி வந்து, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே ஆரம்பிப்பார். இன்னைக்கு வந்துட்டாரு அம்மணி, அந்த ஓடைக்கு அந்தாண்டை நிக்கறாரு, கொம்பு மட்டும் தெரியுது, இப்ப வருவாரு இப்ப வருவாருன்னு பாக்கறேன், ஒரு காக்கா கத்துச்சு பாரு, அவ்வளவுதான், வாலைத் தூக்கிட்டுப் போயிட்டாரு. நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன். ஒரு நாள் காற்று திரும்பிவிட்டது என்பார், ஒரு நாள் குச்சி முறிந்த சத்தம், ஒரு நாள் மூக்கில் தும்மல். வருடம் ஒரு பெட்டையை அடித்துக் கொண்டுவருவார், வரமிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட்டு வறுப்பேன், அதற்கெல்லாம் குறி தப்பாது, மணியகாரர் மட்டும் எட்டவே மாட்டார். வருடம் முழுக்க மில்லைப் பற்றியும் மகள் படிப்பைப் பற்றியும் ஏதோ நாலு வார்த்தை பேசுகிற மனுசன், நவம்பரில் மட்டும் கை காலை ஆட்டிப் பேசுவார். நானும் சிரிப்பேன். அந்த ஒரு மாதம்தான் அந்த வீட்டில் பேச்சு இருந்தது.

போன மாதம், இந்தக் காட்டு மரத்தில் இவர் கட்டியிருக்கிற, எது அசைந்தாலும் தானே படமெடுக்கிற கேமரா இவர் செல்போனுக்குப் படம் அனுப்பியது. மணியகாரர். கழுத்து தடித்து, மூஞ்சி நரைத்து, கொம்பு மட்டும் மரம் மாதிரி பத்துக் கிளை விட்டு. இவர் இடது கை விரலால் அந்தத் திரையைத் தட்டித் தட்டி என்னைப் பார்த்தார், கண்ணில் தண்ணீர். இந்தப் பனியை அது தாண்டாது, இடுப்பு எலும்பு தெரிகிறது என்றார் டேல். அன்றைக்கே முடிவு பண்ணினேன். அவரால் முடியாது, நான் கொண்டுவருகிறேன். டேலின் களத்தில் வைக்கோல் கட்டில் அம்பு விட்டுப் பழகினேன். ஒரு வேளை அந்தக் கொம்பை அவர் மடியில் வைத்தால் வாசலில் குறுக்கே நிற்கிற அந்தச் சொல் நகர்ந்துகொடுக்கும். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எனக்கே பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

ஏதோ மாறிவிட்டது. அணிலைக் காணோம். சின்னக் குருவிகள் கூடச் சத்தத்தை நிறுத்திவிட்டன. ஓடைப் பக்கத்துப் புதரிலிருந்து ஒரு பெட்டை வருகிறது, வாயைத் திறந்துகொண்டு, வாலை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. என் பரணுக்கு நேர் கீழே வந்து நின்று மூச்சு வாங்குகிறது. அதன் மூச்சுப் புகையும் என் மூச்சுப் புகையும். என் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் அதற்குக் கேட்டுவிடும், கேட்காமல் இருக்காது. பிறகு அந்தக் குரல். உறுமல் இல்லை, பன்றி மாதிரி, சாப்பிட்டு முடித்த கிழவனின் ஏப்பம் மாதிரி, விட்டு விட்டு. அதற்கு முன்னால் வாடை வந்துவிட்டது, எங்கள் அப்பாவின் பட்டியில் கிடா முறுக்கேறித் திரிகிற நாட்களில் அடிக்கிற அதே வீச்சம், காங்கேயத்துக் கிடாவுக்கும் விஸ்கான்சின் மானுக்கும் ஒரே வாடை. வருகிறது. வருகிறார். உண்மையாகவே அப்படித்தான் நடக்கிறார், அவசரத்திலும் ஒரு அதிகாரம், கழுத்தைத் தாழ்த்தி, தரையை முகர்ந்து. பெட்டை ஓடைப் பக்கம் நழுவிவிட்டது. மணியகாரர் பின்னால் ஓடவில்லை. எனக்கு எதிரே, கல்லெறிந்தால் விழுகிற தூரத்துக்கும் கிட்ட, ஒரு தாழ்ந்த கிளைக்குக் கீழே போய் நின்று, அந்தக் கிளை நுனியை வாயில் கவ்வி, கன்னத்தைத் தேய்த்து, முன்னங்காலால் மண்ணைப் பறிக்கிறார், கிடா தன் வாடையைப் பதித்துவைக்கிற விதம் அது. அந்த இடம் ஏற்கெனவே இலை இல்லாமல் கருப்பாக, கிண்ணம் மாதிரி குழிந்து கிடக்கிறது. அந்தக் கிளை நுனியெல்லாம் வருடக்கணக்காகக் கடிபட்டு முண்டும் முடிச்சுமாக இருக்கிறது.

வில் எப்போது தோளுக்கு வந்தது என்று தெரியவில்லை. கண்ணாடிக்குள் அவர் விலா மட்டும். மூச்சு வாங்கும்போது எலும்பு எண்ணலாம். முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு சாண், அங்கேதான், இவர் ரூத் வீட்டுச் சன்னலில் உட்கார்ந்திருப்பார், ரூத் ரொட்டியைத் தேநீரில் நனைத்துக் கொடுத்திருப்பாள், வாயைத் திறந்திருப்பார். இதைச் செய்யாவிட்டால் என்ன. இறங்கிப் போய், வரலைங்க என்று சொன்னால் என்ன. தலையாட்டுவார். அதற்கும் தலையாட்டுவார், அதைத்தான் என்னால் பார்க்க முடியாது. மணியகாரர் தலையைத் தூக்கி என் பக்கம் பார்க்கிறார், என்னை இல்லை, பரணை, பழகின பொருளைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு மறுபடி குனிகிறார். பயமே இல்லை. விரல் மரத்திருக்கிறது, இழுத்தேனா இல்லையா என்று விரலுக்கே தெரியாது. நாண் அறைந்த சத்தம்தான் முதலில் கேட்கிறது. அவர் முதுகை வளைத்து ஒரு துள்ளு துள்ளி, சதுப்பைப் பார்த்து ஓடுகிறார், புதர் முறிகிறது, முறிகிறது, பிறகு ஒன்றுமில்லை. சொட்டுகிற சத்தம் மட்டும்.  என்னை மரத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிற பட்டையைப் பிடித்துக்கொள்கிறேன்.

உடனே இறங்கக்கூடாது, துரத்தினால் அடிபட்டது இன்னும் ஓடும், அதன் பாட்டுக்கு விட்டுவிட வேண்டும். டேலுக்குச் செய்தி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சந்தோசம் வரும் என்று பார்க்கிறேன். வரவில்லை, அதற்குப் பதில் அந்தக் கருப்பு மண் குழியிலேயே கண் போய்ப் போய் நிற்கிறது. இந்தப் பரணை இவர்தான் கட்டினார், இந்த இடத்தைப் பார்த்துத்தான் கட்டினார். இந்த மண்ணைப் பறித்திருக்கிற காலும் அந்தக் கிளையைக் கடித்த வாயும் ஒரு வருடத்து வேலை இல்லை. அப்படியானால் ஓடைக்கு அந்தாண்டை என்பது எது. காக்கா கத்தியது, தும்மல் வந்தது, குச்சி முறிந்தது, அதெல்லாம் எது. பார்த்த பார்வையில் பயமே இல்லையே. இங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது அதற்குப் பழக்கம் மாதிரி. இல்லை, அப்படி இருக்காது. ஒரு மானுக்கு என்ன தெரியும்.

டேல் சோளக்காட்டு ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். நான் இறங்கி அம்பைக் காட்டினேன், முழுக்க ஊடுருவிப் போய் மண்ணில் குத்தியிருந்தது, ரத்தத்தில் சின்னச் சின்ன நுரை. நுரையீரல், நல்ல அடி, தூரம் போயிருக்காது என்றார். இலை மேல் சிவப்பைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். டேலோடு பேசுவது இங்கிலீஷில்தான், எனக்குள் விழும்போது தமிழாக விழுகிறது.

"இதை நீங்க செய்வீங்கன்னு நான் நினைக்கலை, வசு."

"ஏன், நான் பொம்பளைன்னா?"

"அதுக்கில்லை. நல்லா இதை அடிக்க மாட்டாரே. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

நான் நின்றுவிட்டேன். டேல் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் போய், நான் வரவில்லை என்று தெரிந்து திரும்பினார்.

"தினமும் இந்தக் கிளைக்கு வருமே. நானே ஒரு நாள் டிராக்டர்ல இருந்து பார்த்தேன், நல்லா மேலே, மான் கீழே, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு. ஏன்யா விட்டேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

டேல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அடிச்சுட்டா அப்புறம் ராத்திரி வீட்ல என்ன பேசறதுன்னு சிரிச்சார். நான் அதைத் தமாசுன்னு எடுத்துக்கிட்டேன்."

காற்று நின்றுவிட்டது. மில் வாடை இல்லை, கிடா வாடை மட்டும். கோட்டுக் கையில் அந்த விரல்கள் இறுகுகின்றன, ஒவ்வொன்றாகப் பிரித்தேனே, ஒவ்வொன்றாக. அன்றைக்குத் திரையைத் தட்டித் தட்டிக் காட்டினது அடி என்று இல்லை, பார், இன்னும் இருக்கிறார் பார் என்று. எத்தனை பொய். கை காலை ஆட்டி, பூட்ஸ் ஈரத்தோடு நின்று, எனக்காக நாள் முழுக்கக் குளிரில் உட்கார்ந்து ஜோடித்த பொய். அந்த வெங்காயத்தை உரித்துக்கொண்டு நான் எதைக் கேட்டேன். இல்லை, நீ ஏன் சொல்லவில்லை என்று அவர் மேல் கோபம் வருகிறது, சொல்ல முடியாதவர் மேல் கோபம், வந்த வேகத்தில் போக்கிடம் தெரியாமல் என் மேலேயே திரும்புகிறது. சதுப்பு விளிம்பில் ஒரு மரத்துக்கு அணைவாக மணியகாரர் கிடந்தார், கொம்பு ஒன்று மண்ணில் ஊன்றி, தலை சற்று நிமிர்ந்தபடி. கண் திறந்திருந்தது. கையுறையைக் கழற்றி அந்தக் கழுத்தைத் தொட்டேன். இன்னும் சூடு.

டேல் வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்தார், நான் காலை விரித்துப் பிடித்தேன். இரண்டு பேருமாகக் கொம்பைப் பிடித்துச் சோளக்காடு வரை இழுத்தோம். டேல், அவருக்குத் தெரிய வேண்டாம், நேராக எங்கேயாவது கொண்டுபோய்விடலாம் என்று வாய் வரை வந்தது. அப்படிச் சொன்னால் அவர் முடிந்துபோனவர் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. மறைக்கலாம், எளிது, அவர் கேட்கப் போவதில்லை. அதனாலேயே மறைக்கக்கூடாது.

"அவரைக் கூட்டிட்டு வாங்க," என்றேன்.

டேல் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். அந்த நேரத்தில் நான் மானுக்குப் பக்கத்தில் அறுத்த சோளத் தட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் அழுவார், அழுதால் அணைத்துக்கொள்ளலாம். இல்லை, தலையாட்டுவார், நன்றாகச் செய்தாய் என்கிற மாதிரி என் முகத்தைப் பார்ப்பார், கஞ்சி குடித்துவிட்டுப் பார்க்கிற பார்வை. கடவுளே, அது மட்டும் வேண்டாம்.

வண்டி வந்து நின்றது. டேல் இறங்கி, சுற்றி வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். இவர் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். கொம்பைப் பார்த்தார், நரைத்த மூஞ்சியைப் பார்த்தார், என் கையில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். நான் எழுந்து போய், நழுவின போர்வையைச் சரிசெய்யக் கையை நீட்டினேன்.

தட்டிவிட்டார்.

இடது கையால், ஓங்கி, மணிக்கட்டு எரிகிற மாதிரி. முகம் சிவந்துவிட்டது, கழுத்து நரம்பு புடைத்தது, வாய் கோணிக்கொண்டு அந்தச் சொல் வந்தது, அந்த ஒரே சொல், ஆனால் கத்தலாக, உடைந்து, அடுக்கடுக்காக, கேள்வியாக, வசவாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி. கதவை அடித்தார். மானைக் காட்டினார், பரணைக் காட்டினார், தன் நெஞ்சைக் காட்டினார், என்னைக் காட்டிக் காறித் துப்புகிற மாதிரி முகத்தைத் திருப்பி, மறுபடி திரும்பி ஆரம்பித்தார். எச்சில் என் கன்னத்தில் தெறித்தது. ஒரு எழுத்து விடாமல் எனக்குப் புரிந்தது. பிப்ரவரியிலிருந்து நான் காணாத மனுசன், ரசத்தில் உப்புக்குத் தட்டை நகர்த்துகிற மனுசன், என் எதிரில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அழுகிறேன் என்பது மூக்கு ஒழுகிய பிறகுதான் தெரிந்தது.

"ஆமாங்க," என்றேன். "தெரியாமப் பண்ணிட்டனுங்க. திட்டுங்க."

டேல் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் பார்க்க முடியாமல் சோளக்காட்டைப் பார்த்தபடி, மெல்ல, "வண்டியை எடுக்கட்டுமா, வசு? அவருக்கு உடம்புக்கு ஆகாது," என்றார்.

"இருங்க டேல்," என்றேன். "அவர் இன்னும் பேசி முடிக்கலை."